மூன்றாவது பொலிஸ்காரன்: செத்தவனுக்கு அதை யார் சொல்வது?

உவர்மலைக் காற்று

ஐரிஷ் எழுத்தாளர் ஃபிளான் ஓபிரையனின் ‘தி தேர்ட் பொலிஸ்மன்’ நாவலைப் போன கிழமை வாசித்து முடித்தேன். தமிழில் ‘மூன்றாவது பொலிஸ்காரன்’ என்று வைத்துக்கொள்வோம். முடித்த கையோடு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனேன். இரண்டாம் முறை அது வேறு புத்தகமாக இருந்தது. யாருடனாவது கதைக்காவிட்டால் தாங்காது போல இருக்கிறது, அதற்காகத்தான் இந்த இழை. முடிவைச் சொல்லாமல் இந்த நாவலைப் பற்றிக் கதைக்க வழியே இல்லை. இனிமேல்தான் வாசிக்கப்போகிறவர்கள் இந்த இடத்தோடு நின்றுகொள்ளுங்கள்.

கதை இதுதான். மரக்கால் போட்ட ஒருவன் சொல்கிறான். சின்ன வயதிலேயே தாய் தகப்பன் இல்லாமல் போனவன். டி செல்பி என்ற ஓர் அறிஞரின் நூல்களில் மூழ்கி, அவரைப் பற்றிப் பெரிய ஆய்வு ஒன்றை எழுதி வைத்திருக்கிறான். (டி செல்பி ஆசிரியரின் கற்பனை.) அதை அச்சிடக் காசு வேண்டும். காணியையும் மதுக்கடையையும் பார்த்துக்கொள்ளும் டிவ்னி என்பவனோடு சேர்ந்து, மாதர்ஸ் என்ற வசதியான கிழவரைக் கொல்கிறான். பணப்பெட்டியை டிவ்னி எங்கோ ஒளித்துவிடுகிறான். அவன் தனியாகப் போய் எடுத்துவிடக் கூடாதென்று இவன் மூன்று வருடம் அவனை விட்டு அகலவில்லை. ஒரே கட்டிலில்தான் படுக்கை. கடைசியில் டிவ்னி சொல்கிறான்: பெட்டி கிழவரின் வீட்டில் தரைப்பலகைக்கு அடியில் இருக்கிறது, நீயே போய் எடு. இவன் போய்க் கையை விட்டுத் துழாவுகிறான். அந்த நொடியில் ஏதோ மாறுகிறது. நிமிர்ந்து பார்த்தால் செத்த கிழவர் கதிரையில் இருக்கிறார். இவனுக்குத் தன் பெயர் மறந்துவிட்டது. உள்ளிருந்து ஒரு குரல் கதைக்கத் தொடங்குகிறது. அது தன் ஆன்மா என்று நினைத்து ஜோ என்று பெயர் வைக்கிறான்.

அதன் பிறகு விசித்திரமான ஒரு பொலிஸ் நிலையம், சைக்கிளைத் தவிர வேறு எதிலும் அக்கறை இல்லாத சார்ஜன்ட், தூக்குமேடை, தப்பி ஓட்டம். வீட்டுக்கு வந்தால் டிவ்னிக்கு வயது போய்விட்டது, மனைவி பிள்ளை என்று இருக்கிறான். இவனைக் கண்டதும் அலறுகிறான். நீ செத்துப் பதினாறு வருடம், பெட்டிக்குப் பதிலாக அங்கே நான் வைத்தது வெடி என்கிறான். இவனுக்கோ மூன்று நாள்தான் கழிந்திருக்கிறது. பிறகு எல்லாம் மறந்து, அதே பொலிஸ் நிலையத்தை நோக்கி, கிட்டத்தட்ட அதே சொற்களில், மறுபடியும் நடக்கிறான்.

என் பிரச்சினை இரண்டு. ஒன்று, ஆசிரியரே இதற்கு விளக்கம் எழுதிவிட்டார். 1940 பெப்ரவரியில் அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் சரோயனுக்கு எழுதிய கடிதத்தில், இவன் ஆரம்பத்திலிருந்தே செத்தவன், அவன் நடமாடுவது அவனே சம்பாதித்த நரகம், அது சுற்றிச் சுற்றி வரும் என்று சொல்கிறார். என் பிரதியில் கடைசிப் பக்கத்தில் அந்தப் பகுதி இருக்கிறது. அதை வாசித்ததும் நாவலின் கதவைச் சாத்திவிட்டது போல இருந்தது. பாவம், தண்டனை, வட்டம், அவ்வளவுதானா?

இரண்டாவது, என்னை விடாமல் பிடித்துக்கொண்ட இடம். சார்ஜன்ட் இவனிடம் சொல்கிறார்: உனக்குப் பெயர் இல்லை, ஆகவே சட்டத்தின் கண்ணில் நீ இல்லை. உன்னைத் தூக்கில் போட்டாலும் யாரும் சாகவில்லை. எங்கள் வீட்டில் அப்பா சந்தியில் உள்ள கடைக்குப் போனாலும் அடையாள அட்டையைச் சேர்ட் பையில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படலையைத் திறப்பார். பாதி வழியில் ஞாபகம் வந்தால் திரும்பி வருவார். அந்த அட்டை இல்லாத நேரத்தில் தான் யார் என்று அவருக்கே நிச்சயமில்லாதது போல ஒரு முகம் அவருக்கு வரும். அந்தப் பக்கத்தை வாசித்தபோது அந்த முகம்தான் வந்தது. எனக்கு இது நரகத்தைப் பற்றிய நாவலாகத் தெரியவில்லை. பெயர் பறிபோனவனைப் பற்றிய நாவலாகத் தெரிகிறது.

டச்சுக்குடா

தம்பி, நல்ல இழை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் வரியே என்ன? மாதர்ஸ் கிழவரைத் தான் கொன்ற விதம் எல்லோருக்கும் தெரியாது என்று தொடங்குகிறான். மண்வெட்டியால் தாடையை உடைத்தவன். காசுக்காக, அதுவும் ஒரு புத்தகம் போடுவதற்காக, வயதான மனிதனை வழிமறித்துக் கொன்றவன். உங்கள் அப்பாவையும் அவனையும் ஒரே பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் அப்பா யாரையும் கொல்லவில்லை. அட்டையைத் தடவிப் பார்த்தது அவர் குற்றமுமில்லை.

பெயர் இழந்தவன் என்றதும் நாம் இரக்கப்படுகிறோம். இந்த ஊர்க்காரருக்கு அந்த இரக்கம் இயல்பாக வரும். அதனாலேயே கவனமாக இருக்க வேண்டும் என்கிறேன்.

தம்பலகாமம் சைக்கிள்காரர் மகன்

நாவலை நான் பாதிதான் வாசித்திருக்கிறேன், மன்னியுங்கள். ஆனால் சைக்கிள் பகுதியைப் பற்றி நான் எழுதாவிட்டால் யார் எழுதுவது?

சார்ஜன்டின் அணுக் கொள்கையைச் சொல்கிறேன். இரும்புக் கட்டையைச் சுத்தியலால் அடித்தால் சுத்தியலின் அணு கொஞ்சம் கட்டைக்கும், கட்டையின் அணு கொஞ்சம் சுத்தியலுக்கும் போகும். அதே மாதிரி, குண்டும் குழியுமான ரோட்டில் தினமும் சைக்கிள் ஓட்டுகிறவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சைக்கிளாகிறான், சைக்கிள் கொஞ்சம் கொஞ்சமாக மனிதனாகிறது. நின்றால் ஒரு முழங்கையைச் சுவரில் சாய்த்துக்கொண்டுதான் நிற்பான், அல்லது ஒரு காலைக் கல்லில் ஊன்றிக்கொண்டு நிற்பான். ஊர்ச் சனம் முற்றாகச் சைக்கிளாக மாறிவிடாமல் இருக்க, சார்ஜன்டே அவர்களுடைய சைக்கிள்களைத் திருடி ஒளித்துவைக்கிறார்.

வாசிக்கும்போது சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் நான் வளர்ந்தது அப்பாவின் சைக்கிள் கடையில். ஒரு பழைய றலி சைக்கிளின் தோல் சீற்றைப் பார்த்தே அது யாருடையது என்று அப்பா சொல்லிவிடுவார். இருந்தவரின் உடல் அதில் பதிந்திருக்கும். இடப்பக்கம் சரிந்து மிதிப்பவரின் பெடல் கட்டை இடப்பக்கம் தேய்ந்திருக்கும். இருட்டில் செயின் கவர் உரசும் சத்தத்தை வைத்து இன்னார் வயலால் வருகிறார் என்று அம்மா குசினியில் இருந்தபடியே சொல்லுவார். ஒருவர் இறந்தால் அவருடைய சைக்கிளை வீட்டுக்காரர் கொஞ்சக் காலம் யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். பிறகு மகன் ஓட்டத் தொடங்கும்போது எங்களிடம் கொண்டுவந்து சீற்றை மாற்றச் சொல்வார்கள். எல்லாம் நல்லாக இருக்கும், சீற்றை மட்டும் மாற்றச் சொல்வார்கள். ஏன் என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த நாளில் சைக்கிளுக்கும் வருடா வருடம் லைசன்ஸ் எடுக்க வேண்டும், சின்னத் தகடு ஒன்று தருவார்கள். நாவலில் பெயர் இல்லாத மனிதனிடம் பொலிஸ்காரர் முதலில் கேட்பது சைக்கிளைப் பற்றித்தானே. பெயர் போனாலும் சைக்கிளை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஆனால் இவனிடம் சைக்கிளும் இல்லை.

உவர்மலைக் காற்று

சீற்றைப் பற்றி எழுதியதை மூன்று முறை வாசித்தேன். மிச்சப் பாதியையும் வாசியுங்கள், தயவுசெய்து. கடைசிப் பகுதியில் இவன் தப்பி ஓடுவது சார்ஜன்டின் சைக்கிளில். அது தானாகவே இவனிடம் வந்து சேர்ந்தது போல, ஒரு பெண்ணைப் பற்றி எழுதுவது போல எழுதியிருக்கிறார். முழு நாவலிலும் இவனுக்குக் கிடைக்கும் ஒரே அன்பு அந்தச் சைக்கிளிடமிருந்துதான் என்று நினைக்கிறேன்.

டச்சுக்குடா அண்ணா, நீங்கள் சொன்னதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். உடனே பதில் வரவில்லை.

நிலாவெளி வாசகன்

ஒரு சின்னக் கேள்வி. இதை அபத்த இலக்கியம் என்கிறார்கள். காம்யூவின் ‘அந்நியன்’ வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் வாசித்திருக்கிறேன். அதிலும் ஒரு கொலை, ஒரு மரண தண்டனை. இவர் அவரைப் பின்பற்றினாரா?

உவர்மலைக் காற்று

இல்லை. ‘அந்நியன்’ வெளிவந்தது 1942 இல். ஓபிரையன் இதை எழுதி முடித்தது 1940 இல், டப்ளினில், அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே. வித்தியாசமும் பெரியது. காம்யூவின் மனிதனுக்குத் தான் சாகப்போகிறோம் என்பது தெளிவாகத் தெரியும், அந்தத் தெளிவில்தான் அவன் அமைதி அடைகிறான். இவனுக்கோ செத்ததே தெரியாது. தூக்குக்கு முதல்நாள் இரவு, மண்ணுக்குள் போன பிறகு தான் என்னவாக வெளியே வருவேன் என்று யோசிக்கிறான். ஏப்ரல் காற்றின் குளிராகலாம், ஓர் ஆற்றின் பகுதியாகலாம் என்று. இந்த நாவலிலேயே ஆக அழகான பக்கம் அது. ஆனால் இரண்டாம் முறை வாசிக்கும்போது நெஞ்சு அடைத்துக்கொண்டது. அந்த நேரம் ஏற்கெனவே கடந்துவிட்டது, அவன் காற்றாகவுமில்லை ஆறாகவுமில்லை, அது அவனுக்குத் தெரியவுமில்லை.

கிண்ணியாப் பாதை

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என்னுடைய பெயரைப் பார்த்துப் புதியவர்கள் கேட்பதால் சொல்கிறேன்: 2009 இல் பாலம் திறக்கும் வரைக்கும் நாங்கள் ‘பாதை’ என்ற மிதவைப் படகில்தான் கடலைக் கடந்து திருகோணமலைக்கு வந்தோம், அந்தப் பாதைதான் இது.

எனக்கு இந்த நாவலில் பொலிஸ்காரர்கள் இருவர் மாறி மாறிக் கேள்வி கேட்கும் இடம் வந்ததும் உடம்பு சிலிர்த்தது. (மூன்றாமவர் ஃபொக்ஸ் கடைசியில்தான் வருகிறார்.) எங்களிடம் கப்ரில், அதாவது மண்ணறையில், இரண்டு மலக்குகள் (வானவர்கள்) வந்து கேட்பார்கள் என்ற நம்பிக்கை உண்டு, முன்கர், நகீர். உன் இறைவன் யார், உன் மார்க்கம் எது, உன் நபி யார். ஓபிரையனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவர் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். ஆனால் எங்கள் பக்கத்து வாசகனுக்கு இந்த ஞாபகம் வராமல் போகாது.

நான் சொல்ல வந்தது வேறு. என் வாப்பாவை அடக்கிய பின்னேரம் தல்கீன் ஓதினார்கள். இப்போது எங்களில் எல்லாரும் அதை ஓதுவதில்லை, அது சரியா பிழையா என்ற விவாதத்துக்குள் நான் போக விரும்பவில்லை. மண்ணைத் தள்ளி முடிந்த பிறகு, ஓதுகிற லெப்பை கப்ரின் தலைமாட்டில் இருந்து, மையித்தை, அதாவது இறந்தவரை, பெயர் சொல்லி அழைத்தார். தாயின் பெயரையும் சேர்த்து, இன்னாளின் மகனே என்று. பிறகு, உன்னிடம் கேள்வி கேட்பார்கள், பயப்படாதே, இப்படிப் பதில் சொல் என்று அறபியில் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அப்போது பதினெட்டு வயது. வாப்பா அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று முழுதாக நம்பினேன். வாப்பும்மாவின் பெயரை அத்தனை ஆட்கள் முன்னால் சத்தமாகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இந்த நாவலின் மனிதனுக்கு அது கிடைக்கவில்லை. அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள் இல்லை. கேள்வி வரும், இப்படித்தான் வரும் என்று சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் இல்லை. வெறும் கையோடு அந்தப் பொலிஸ் நிலையத்துக்குள் போகிறான். கேட்கும் கேள்வி சைக்கிளைப் பற்றி இருந்தால் என்ன, இறைவனைப் பற்றி இருந்தால் என்ன, அவனால் எதற்கும் பதில் சொல்ல ஏலாது.

டச்சுக்குடா

இதற்கு மறுப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தம்பி.

ஏழு கிணறு

நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. உவர்மலைக் காற்று என்னிடம் படித்த பிள்ளை, நாவலை அவர்தான் எனக்குத் தந்தார். எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கிண்ணியாத் தம்பி எழுதியதை வாசித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எல்லோரும் பொலிஸ் நிலையத்தைப் பற்றியே கதைக்கிறீர்கள். பிள்ளைகளே, முதல் அத்தியாயத்தின் தொடக்கத்துக்குப் போங்கள். அவன் சின்னப் பிள்ளையாக இருந்த பகுதி ஒரு பக்கம்தான் வரும். முதலில் தாய் போகிறாள். கறுப்பு உடுப்புப் போட்ட ஒருவர் வந்து, அவள் எங்கே இருக்கிறாள் என்பதில் சந்தேகமே வேண்டாம் என்று தகப்பனிடம் சொல்கிறார். எங்கே என்று மட்டும் சொல்லவில்லை. பிள்ளை நினைக்கிறது, இது அவர்களுடைய சொந்த விஷயம், அம்மா புதன்கிழமை திரும்பி வருவாளாக்கும். பிறகு தகப்பன் போகிறார். அம்மாவைக் கூட்டிவரத்தான் வண்டியில் போயிருக்கிறார் என்று நினைக்கிறது. அடுத்த புதன்கிழமையும் இருவரும் வரவில்லை. பிள்ளைக்குக் கவலையாகவும் ஏமாற்றமாகவும் இருக்கிறது. பிறகு யாரோ அறியாத ஆட்கள் வந்து அதைப் பள்ளிக்கூட விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

கவனித்தீர்களா? தாயும் தகப்பனும் செத்துவிட்டார்கள் என்று அந்தப் பிள்ளைக்கு ஒருவரும் சொல்லவில்லை. சாவு என்ற சொல்லை யாரும் அதன் காதில் போடவில்லை. முப்பது வயதில் தான் செத்தபோது அதை அடையாளம் காண அவனுக்கு எப்படி முடியும்? அந்தச் சொல் அவனிடம் இல்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஆட்கள் போவதும் புதன்கிழமையும்தான்.

என் அண்ணன் 1990 இல் ஒரு காலையில் வேலைக்கென்று போனார். வரவில்லை. இவ்வளவு வருடமாக எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அப்பா தவறியபோது மரண அறிவித்தல் அச்சடிக்க வேண்டியிருந்தது. உங்களுக்குத் தெரியும், இன்னாரின் அன்புத் தந்தையும் என்று பிள்ளைகளின் பெயர் வரிசையாக வரும், இறந்த பிள்ளை என்றால் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போடுவார்கள். அச்சகத்தில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டது: மூத்த மகனுக்குக் காலஞ்சென்ற போடவா, அன்ரி? நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா, போடாதே என்றார். மற்றப் பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கனடா, திருகோணமலை என்று ஊர் போட்டிருந்தது. அண்ணனின் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் போடவில்லை. பெயர் மட்டும் நின்றது.

அப்பாவின் அந்தியேட்டிக் கிரியையை முப்பத்தொராம் நாள் கன்னியா வெந்நீர்க் கிணறுகளடியில் செய்தோம். ஐயர் அப்பாவின் பெயரையும் திதியையும் கேட்டார். சொல்லிவிட்டு, ஏழு கிணற்றிலும் தண்ணீர் அள்ளி வார்த்தபோது அம்மா கேட்டார், பெரியவனுக்கு என்ன திதி சொல்வது என்று. ஐயர் தலையைக் குனிந்துகொண்டார்.

கன்னியாவுக்கு ஊரில் சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். கோணேசர் மலையைப் பெயர்க்கப் பார்த்த இராவணனிடம் திருமால் முதியவர் வேடத்தில் வந்து, உன் தாய் இறந்துவிட்டாள், கடன் செய் என்கிறார். அவன் நிலத்தில் ஏழு இடத்தில் குத்த, ஏழு ஊற்று வந்தது. சின்ன வயதில் வெந்நீர் எப்படி வந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இப்போது அந்த முதியவரைத்தான் நினைக்கிறேன். பத்துத் தலை இருந்தவனுக்கும் ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

இந்த நாவலில் அப்படி வந்து சொல்ல ஆளில்லை. டிவ்னி ஒருவன்தான் சொல்கிறான், அவனும் பயத்தில், பதினாறு வருடம் பிந்தி. அது நின்று நிலைக்கும் முன்னரே இவனுக்கு மறதி வந்துவிடுகிறது. ஆசிரியர் அதை நரகம் என்று கடிதத்தில் எழுதினார் என்றால் எழுதட்டும். நான் அதை நரகமாக வாசிக்கவில்லை. கடன் செய்யப்படாத சாவாக வாசிக்கிறேன்.

உவர்மலைக் காற்று

டீச்சர், இது எனக்குத் தெரியாது. ஆறு வருடம் உங்களிடம் படித்தும் தெரியாது. புத்தகத்தைத் தந்தபோது இதை நினைத்துப் பார்க்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமைப் பகுதியை இரண்டு முறையும் நான் வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். பிள்ளையின் வெகுளித்தனம் என்று மட்டும் நினைத்தேன்.

ஏழு கிணறு

மன்னிப்பு எதற்கு ராசா. முப்பது வருடத்தில் அண்ணனைப் பற்றி எழுத எனக்கு ஓர் இடம் கிடைத்தது.

டச்சுக்குடா

டீச்சர், உங்கள் வாசிப்பை ஏற்றுக்கொள்கிறேன். அதோடு என் பழைய பேச்சையும் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கிறேன், குறை நினைக்காதீர்கள்.

மாதர்ஸ் கிழவருக்கு யார் சொன்னது? அவரை மழை இரவில் ரோட்டோரம் அடித்து விழுத்தி, குழி வெட்டிப் புதைத்தது இதே மனிதன்தான். பாட்டு இல்லை, பெயர் சொல்வதில்லை, இன்ன இடத்தில் கிடக்கிறார் என்ற அடையாளமும் இல்லை. ஊரைப் பொறுத்தவரை அந்தக் கிழவரும் காணாமல் போனவர்தான். தனக்குச் செய்யப்படாத கடன் எதுவோ, அதை இவன் முதலில் இன்னொருவருக்குச் செய்யாமல் விட்டிருக்கிறான். செத்த கிழவர் கதிரையில் இருந்துகொண்டு எதைக் கேட்டாலும் இல்லை இல்லை என்றே பதில் சொல்கிறாரே, எனக்கு அந்த இடம் இப்போதுதான் விளங்குகிறது. புதைத்தவனிடம் அவர் வேறென்ன சொல்வார்?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஒரு கிழமை நாங்கள் சில பேர் கரையோரம் உடல்களை எடுத்தோம். பெயர் தெரியாதவர்களையும் புதைத்தோம், வேறு வழி இல்லை. எங்களோடு இருந்த வயதான மீனவர் ஒருவர் ஒவ்வொரு குழியையும் மூடும்போது, “அம்மா, நீ யாரென்று தெரியாது, கோவிக்காதே” என்று சொல்லிக்கொண்டே மூடினார். ஆணாக இருந்தால் ஐயா என்பார். அந்த நேரம் எனக்கு அது சும்மா வாய்ப்பேச்சாகத் தெரிந்தது. இவனும் டிவ்னியும் கிழவருக்கு அதைக்கூடச் சொல்லவில்லை.

ஆகவே இவன் பறிகொடுத்தவனா பறித்தவனா என்று நீங்களும் நானும் தொடங்கிய சண்டையை நான் விட்டுவிடுகிறேன், தம்பி. இரண்டும்தான். ஒன்றைச் சொல்லி மற்றதைக் கழிக்க முடியாது.

உவர்மலைக் காற்று

அண்ணா, அப்படியென்றால் எனக்கு இன்னொன்றும் தெரிகிறது. இவனுக்குத் தன் பெயர் ஒன்றுதான் மறந்திருக்கிறது. டிவ்னியின் பெயர், மாதர்ஸின் பெயர், எல்லாம் ஞாபகம் இருக்கிறது. டி செல்பியின் பெயர் ஞாபகம் இருக்கிறது. அடிக்குறிப்பு முழுக்க டி செல்பியைப் பற்றி எழுதிய ஹட்ச்ஜோ, பாசெட், க்ரவுஸ் என்று ஒவ்வோர் ஆய்வாளரின் பெயரும், யார் யாரோடு சண்டை பிடித்தார் என்பதும் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. இரவு என்பது கறுப்புக் காற்றுச் சேர்வது, பயணம் என்பது வெறும் மயக்கம் என்று டி செல்பி சொன்னவற்றைப் பக்கம் பக்கமாகச் சொல்கிறான். தூக்குமேடை கட்டும் சத்தம் கேட்கும்போதும் அடிக்குறிப்பு வந்துகொண்டே இருக்கிறது.

எனக்கு அது என்னைச் சுட்டது. நானும் அப்படித்தான், டீச்சர். உங்கள் வீட்டுக்கு எத்தனை தரம் வந்திருப்பேன். கதைத்ததெல்லாம் புத்தகம். சுவரில் இருந்த படத்தில் இருப்பவர் யார் என்று கேட்டதில்லை.

தம்பலகாமம் சைக்கிள்காரர் மகன்

வாசித்து முடித்துவிட்டேன். இரவு இரண்டு மணி. ஒரு விஷயம் கேட்க வேண்டும். இந்த நாவல் தொலைந்துவிட்டது என்று ஆசிரியர் சொல்லித் திரிந்தாராமே, உண்மையா?

உவர்மலைக் காற்று

உண்மை. முதல் நாவலை 1939 இல் வெளியிட்ட லண்டன் பதிப்பகமே இதை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. அந்த முதல் நாவலின் பிரதிகளும் 1940 இல் லண்டன் குண்டுவீச்சில் களஞ்சியத்தோடு எரிந்தன. தகப்பன் 1937 இல் இறந்த பிறகு தம்பி தங்கைகளைப் பார்க்கும் பொறுப்பு அவர் சம்பளத்தில்தான் நின்றது. திரும்பி வந்த கையெழுத்துப் பிரதியை வீட்டில் வைத்துவிட்டு, தொலைந்துபோய்விட்டது என்று நண்பர்களிடம் சொன்னார். ஆளுக்கொரு விதமாகச் சொன்னார் என்கிறார்கள். பிறகு இதிலிருந்த டி செல்பியையும் அணுக் கொள்கையையும் எடுத்து 1964 இல் வேறொரு நாவலில் போட்டார். இது தொலைந்ததாகவே இருந்தது. 1966 ஏப்ரல் 1 அன்று இறந்தார், 54 வயது. அடுத்த வருடம் நாவல் வெளிவந்தது.

அவருக்கும் ஒரே பெயர் என்று இருக்கவில்லை. வீட்டில் பிரையன் ஓநோலன், நாவலுக்கு ஃபிளான் ஓபிரையன், பத்திரிகைப் பத்திக்கு இன்னொரு பெயர்.

கிண்ணியாப் பாதை

இருபத்தாறு வருடம் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு காணவில்லை என்று சொல்வது லேசான காரியமில்லை. அந்த அலுமாரியை ஒவ்வொரு நாளும் கடந்துதானே போயிருப்பார்.

தம்பலகாமம் சைக்கிள்காரர் மகன்

கடைசிப் பக்கத்தைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. இரண்டாம் முறை அந்தப் பொலிஸ் நிலையத்துக்குப் போகும்போது இவன் தனியாக இல்லை. பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது. டிவ்னி வருகிறான். இவனைக் கண்ட பயத்தில் அவனும் செத்திருக்கிறான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, ஒரு சொல்லும் கதைக்கவில்லை, சேர்ந்து உள்ளே போகிறார்கள். சார்ஜன்ட் அதே சைக்கிள் கேள்வியைக் கேட்கிறார். அதோடு முடிகிறது.

அவன் பெயர் டிவ்னிக்குத் தெரியும்தானே? எத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தவன். பக்கத்திலேயே நடக்கிறான். ஒருக்கால் கூப்பிட்டிருக்கலாம்.

ஏழு கிணறு

கூப்பிட்டிருக்கலாம். நானும் அந்த இடத்தில் புத்தகத்தை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

சைக்கிள்காரர் மகனிடம் ஓர் உதவி. அண்ணனின் சைக்கிள் எங்கள் பின் விறாந்தையில் நிற்கிறது. 1990 இல் அன்று காலை அதில் காற்று இல்லை, அதனால் பஸ்ஸில் போனார். டயர் இரண்டும் உக்கிவிட்டன, றிம் துருப்பிடித்திருக்கிறது. எடுத்து ஓடுகிற மாதிரிச் செய்ய முடியுமா என்று அம்மா கேட்கச் சொன்னார். சீற்றை மட்டும் மாற்ற வேண்டாம்.

தம்பலகாமம் சைக்கிள்காரர் மகன்

சனிக்கிழமை காலை அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், டீச்சர். அண்ணனுடைய பெயரைச் சொல்லுங்கள், அப்பா கட்டாயம் கேட்பார்.